நூற்றறுபது மீட்டர் குறைவு

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தில் ஓடிய தொண்ணூற்று நான்கு பெண்களில் எண்பத்தொரு பேர், தாங்கள் அதுவரை ஓடியதிலேயே வேகமாக ஓடினார்கள். அன்று அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் இரவு நான்தான் எண்ணினேன். அன்றைக்கு நானும் எல்லோரையும் போலக் குதித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிகளுக்கிடையே ஐந்து கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி, புல்லிலும் மேட்டிலும் ஓடுகிற பந்தயம். என் பள்ளித் தோழி கோரா வெஸ்ட்பி 18:21. நான், பிரிட்டா ஆஸ்ட்பி, 18:58. பத்தொன்பது நிமிடத்துக்குள் வருவேன் என்று என் அம்மாகூட நம்பியதில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டி நான் புல்லில் மண்டியிட்டுக் கிடந்தபோது கோரா என் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிடீ! பதினெட்டு இருபத்தொண்ணு! கேட்டியா, பதினெட்டு இருபத்தொண்ணு!"

"நான் பதினெட்டு அம்பத்தெட்டு. அதையும் கொஞ்சம் கேளு."

"கேட்டேன் கேட்டேன். அழுவாத. மூக்கத் தொடச்சுக்கோ."

அழுதது அவள்தான்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. கோடை விடுமுறையில் அவள் மாநிலப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த டெவ்லின் என்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பால்பண்ணை அறிவியல் படிக்க வருகிறேன், அணியில் சேர எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். மூன்று வரியில் பதில் வந்தது. நாங்கள் தேடிப்போய் அழைக்கிற பெண்கள் ஐந்து கிலோமீட்டரைப் பதினேழரை நிமிடத்தில் ஓடுகிறார்கள். தானாக வந்து சேர விரும்புகிறவர்கள் பதினெட்டரைக்குள் ஓடியிருந்தால் பேசலாம். வாழ்த்துகள்.

அப்போது கோராவின் சிறந்த நேரம் 19:02. முப்பத்திரண்டு வினாடி குறைக்க வேண்டும். ஓடாதவர்களுக்கு இது என்னவென்று தெரியாது. பல் துலக்கும் நேரத்தில் பாதிகூட இல்லையே என்று என் தம்பி கேட்டான். அந்த முப்பத்திரண்டு வினாடிக்காக அவள் கோடை முழுக்கக் காலையில் மாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு, சோளக்கொல்லைகளுக்கு நடுவே போகும் சரளைச் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினாள். வாரத்தில் நான்கு நாள் நானும் கூட ஓடினேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் தொடங்குவோம். எட்டாவது கிலோமீட்டரில் அவள் மட்டும் பேசிக்கொண்டிருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மாலையே அவள் டெவ்லினுக்கு எழுதிவிட்டாள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நவம்பரில் ஒருநாள் வா, அணியைப் பார், என்னோடு அரைமணி நேரம் பேசு என்று.

ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே எனக்குச் சங்கதி தெரிந்துவிட்டது.

கோரா பந்தயத்தில் கடிகாரம் கட்டமாட்டாள், கை கனக்கிறது என்பாள். நான் கட்டுவேன். என் கடிகாரம் ஓடிய தூரத்தையும் காட்டும். அன்று 4.83 கிலோமீட்டர் காட்டியது. மரங்களுக்குள்ளே ஓடினால் அது எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முடிவுப் பட்டியலைக் கணினியில் திறந்து என் பெயரை மறுபடி மறுபடி பார்த்தேன். அப்படியே மற்றவர்களையும் பார்த்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பெண் இருக்கிறாள், மேட்டில் எல்லாம் நடந்துதான் போவாள். அவளும் நாற்பத்தெட்டு வினாடி குறைத்திருந்தாள். பிறகுதான் எண்ண ஆரம்பித்தேன்.

அந்த வாரம் ஓடை பெருகி கோல்ஃபின் ஒன்பதாம் குழிப் பக்கத்துப் பள்ளமெல்லாம் தண்ணீர். எங்கள் கோச் ஹால்பர்க் சனிக்கிழமை விடியற்காலையில் வந்து, பாதையை மேட்டுப் பக்கமாகத் திருப்பி, புதிதாக வெள்ளைக் கோடு போட்டு, கொடிகளை நட்டிருந்தார். பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுப்பவர். அளவு விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

என் அம்மாவுக்கு மாவட்டச் சாலைத் துறையில் வேலை. அவளுடைய வண்டியின் பின்னால் அளவுச் சக்கரம் ஒன்று எப்போதும் கிடக்கும். நீளமான கைப்பிடி, கீழே ஒற்றைச் சக்கரம், தள்ளிக்கொண்டே நடந்தால் தூரத்தை எண்ணும். திங்கட்கிழமை கோல்ஃப் மைதானத்துக்கு விடுமுறை. பள்ளி விட்டதும் போய் முதல் கொடியிலிருந்து தள்ள ஆரம்பித்தேன். கோடு இன்னும் அழியவில்லை. நடந்தே போனதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடிக் கணக்கை மீட்டராக மாற்றிப் பார்த்தால் ஐந்து கிலோமீட்டருக்கு நூற்றறுபது குறைந்தது. எங்கேயோ நான்தான் கோட்டை விட்டு விலகிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து தள்ளினேன். இந்தத் தடவை நூற்றைம்பத்தெட்டு.

கோராவின் வேகத்துக்கு அது முப்பத்தாறு வினாடி. அதாவது அவள் ஓடியது 18:57 மாதிரி. பதினெட்டரைக்குள் அல்ல. நான் ஓடியது 19:36.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு வருத்தம் மட்டும் இருந்தது என்று சொன்னால் பொய். எட்டாம் வகுப்பிலிருந்து நான் அவள் முதுகைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சக்கரம் குறைவாகக் காட்டியபோது உள்ளே ஏதோ ஒன்று சின்னதாகச் சந்தோஷப்பட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் பதிலைக் காட்டியபோது கட்டிப்பிடித்துக்கொண்டேன். புதன்கிழமை அவள் அப்பா வெர்ன் பயிற்சிக்கு வந்து எல்லோருக்கும் டோனட் கொடுத்தார். நானும் தின்றேன்.

வெள்ளிக்கிழமை மெதுவோட்டம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பின்னால் தங்கியிருந்தோம். தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் ஷூ கயிறு கட்ட அவள் நின்றபோது சொல்லிவிட்டேன்.

"கோரா, அந்தப் பாதை குறைச்சலு. நூத்தறுவது மீட்டர். நான் சக்கரம் வச்சு அளந்தேன்."

குனிந்தபடியே கேட்டாள். "எந்தப் பாதை?"

"நம்ம பாதை. சனிக்கிழம ஓடினது."

கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்தாள். "எப்ப அளந்த?"

"திங்கக்கிழம."

"இன்னிக்கு வெள்ளிக்கிழம."

"தெரியும்."

"செவ்வாக்கிழம என்னக் கட்டிப்பிடிச்ச. நேத்து எங்கப்பா குடுத்தத தின்ன."

"நேத்து இல்ல, புதன்—"

"வாய மூடுடீ! உன்ன யாரு அளக்கச் சொன்னது? உலகத்துல யாருக்காவது அது உறுத்துச்சா? உனக்கு மட்டும் ஏன் உறுத்துது? நான் போயிடுவேன்னுதான?"

"என் நேரமுந்தான் போச்சு. நானும் பத்தொம்பதுக்குள்ள வரலேல்ல."

"உன் நேரத்த எவ கேட்டா? உனக்கு அத வச்சு எங்க போகணும்?"

அது உண்மைதான். எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

"பொறாம பிடிச்சவ" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மெதுவோட்டம் என்பதையெல்லாம் மறந்து, பந்தயத்தில் ஓடுவது போல ஓடினாள். நான் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது அவள் வண்டி அங்கே இல்லை.

அவள் யாரிடமும் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். நானும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் அடுத்த நாளே அவள் கோச் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை பயிற்சிக்கு முன்னால் கோச் எங்களையெல்லாம் உட்காரவைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வழுக்கை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

"நேத்து நானே போயி அளந்தேன். பாதை குறைச்சல்தான். தப்பு என்னோடது. இருட்டுல, மழையில, எட்டு வச்சு அளந்தேன். என் எட்டு ஒரு கெஜம்னு முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்ப எங்க நேரமெல்லாம் என்ன ஆகும் கோச்?"

"எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிட்டேன். யார் முந்தி யார் பிந்திங்கிறது அப்படியே நிக்கும். நேரம் மட்டும் செல்லாது."

பின்னாலிருந்து ஒருத்தி, "நான் கேக் வெட்டிட்டேனே கோச்" என்றாள். சிரிப்பு வந்தது. கோராவும் சிரித்தாள், என் பக்கம் திரும்பாமல்.

வெர்ன் சிரிக்கவில்லை. அன்று மாலை அம்மாவும் நானும் டீசல் போட நின்றபோது அவர் வண்டியை எங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி அம்மாவிடம்தான் பேசினார்.

"உங்க சக்கரத்துக்கு ரோட்டுல வேல இல்லியா?"

"இருக்கு வெர்ன். நிறைய இருக்கு."

"அப்ப அத அங்கேயே உருட்டச் சொல்லுங்க உங்க பொண்ண. எம்மவ நாலு மணிக்கு எந்திரிக்கிறா. நவம்பர் வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல. ஒரு தடவ அந்தம்மா முன்னாடி போயி உக்காந்திருப்பா. அதுக்கப்புறம் அவ பாடு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெட்ரோல் பங்க் தரையைப் பார்த்தேன். "கோச்கிட்ட போயி சொன்னது கோராதான், வெர்ன்" என்றாள் அம்மா. அது அவருக்குத் தெரியாது போலிருந்தது. கண்ணாடியை ஏற்றினார்.

மூன்று வாரம் கோரா என்னோடு பேசவில்லை. பயிற்சியில் தண்ணீர்ப் புட்டியை வாங்கும்போதுகூட இன்னொருத்தி கைமாற்றிவிட வேண்டியிருந்தது. பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தால் அவள் பின்னால். ஆனால் ஓடும்போது அவள் எனக்கு இருபது மீட்டர் முன்னால்தான் ஓடுவாள், எப்போதும் போல. அந்த இருபது மீட்டரை நான் பத்தாக்கினேன். அவள் திரும்பிப் பார்த்து மறுபடி இருபதாக்கினாள். அந்த மூன்று வாரம்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த வருடத்திலேயே நன்றாக ஓடியது.

மண்டலப் போட்டி அக்டோபர் கடைசியில். அதில் முன்னணியில் வருகிறவர்கள்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். குளிர், காற்று, தரை மட்டும் காய்ந்திருந்தது. முதல் நாளே மூன்று பேர் தனித்தனியாக அளந்த பாதை. கோரா 18:52. அது அவளுடைய உண்மையான சிறந்த நேரம். ஆனால் இரண்டு இடம் பின்தங்கி மாநிலப் போட்டியைத் தவறவிட்டாள். நான் 19:24. எனக்கும் அதுதான் சிறந்தது.

முடிவுக் கோட்டுக்குப் பின்னால் கயிறு கட்டிய இடத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே போர்வையில் பாதியை இழுத்துக்கொண்டாள்.

"எத்தன?"

"பத்தொம்பது இருபத்திநாலு."

"ம். பரவால்ல." உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "டெவ்லினுக்கு எழுதணும். நீ படிச்சுப் பாத்து சொல்லு. அழுமூஞ்சி மாதிரி இருக்கக் கூடாது."

"இன்னும் எழுதலயா?"

"எழுதி எழுதி அழிச்சேன். ஒரு உண்மையான நேரத்த ஓடிட்டு எழுதலாம்னு இருந்தேன். பதினெட்டரைக்குள்ள ஓடிட்டா இந்தப் பேச்சே வேண்டாமில்ல." ஷூ கயிற்றை அவிழ்த்தாள். "பொறாமன்னு சொன்னேன்ல."

"கொஞ்சம் இருந்துச்சு."

"தெரியும். எனக்கு இருந்திருந்தா நானும் அளந்திருப்பேன்."

மின்னஞ்சல் ஐந்து வரி. 18:21 என்று எழுதியிருந்தேன், அந்தப் பாதை நூற்றறுபது மீட்டர் குறைவு என்று பிறகு தெரிந்தது, நேற்று 18:52 ஓடினேன், அதுவே என் சரியான நேரம், நவம்பரில் நான் வர வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள். 'மிகவும் வருந்துகிறேன்' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தாள். ஒன்றை எடுக்கச் சொன்னேன்.

டெவ்லின் எழுதவில்லை, போனில் கூப்பிட்டார். கோரா தொழுவத்தில் இருந்தாள். என்ன பேசினார் என்று அன்றே எனக்கு வரிக்கு வரி சொன்னாள்.

"அந்தப் பட்டியலப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம். ஒரே நாள்ல எண்பது பேருக்கு றெக்கை மொளைக்காது. நேர்ல வந்தா கேக்கலாம்னு இருந்தேன்" என்றாராம் டெவ்லின்.

"அப்ப நான் வரவா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"நீ எழுதினது நல்லது. ஆனா அதுக்காக இடம் தர முடியாது. என்கிட்ட இருக்கிறவளுங்கள்ல கடைசிப் பொண்ணே பதினெட்டு இருபது. வசந்தத்துல டிராக்ல மூவாயிரத்து இருநூறு மீட்டர் ஓடு. பதினொண்ணு பத்துக்குள்ள வந்தா ஆகஸ்ட்ல தேர்வு ஓட்டத்துக்கு வா. வரலேன்னா நல்லாப் படி. பால்பண்ணைப் படிப்பு இங்க நல்லா இருக்கும்."

"கடுமையா பேசினாங்களா?" என்று நான் கேட்டேன்.

"இல்லடீ. சோளம் என்ன வெலன்னு சொல்ற மாதிரி பேசினாங்க."

குளிர்காலம் முழுக்க அவள் பனியில் ஓடினாள். பள்ளி நடைக்கூடத்தில் ஓடினாள். மார்ச்சில் டிராக்கில் பனியை நாங்களே வாரித் தள்ளினோம். கோச் ஹால்பர்க் அவளுக்காக நிறுத்துக்கடிகாரத்தோடு நின்றார். அவர் கையில் ஒன்று, என் கையில் ஒன்று, இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதிக்கொள்வார். ஏப்ரலில் 11:31. மே முதல் வாரத்தில் 11:20. கடைசிப் போட்டியில் எட்டுச் சுற்றில் ஆறாவது சுற்று வரைக்கும் அவள் கணக்குச் சரியாக இருந்தது. ஏழாவதில் தோள் மேலே ஏறியது. எனக்குத் தெரிந்துவிட்டது. 11:16.

ஆறு வினாடி. வெர்ன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோரா அவரிடம் போய் நின்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, "பசிக்குதா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். சூடான சாண்ட்விச் வாங்கிக் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டார்.

அங்கேதான் கோரா சொன்னாள், இரண்டு மணி நேர தூரத்தில் ஒரு சின்னக் கல்லூரி தன்னை அழைத்திருக்கிறது என்று. அங்கே ஆயிரத்து இருநூறு பேர்தான் படிக்கிறார்கள். அணியில் பத்தொன்பதரை ஓடினாலே இடம் உண்டு. அவள் போனால் முதலிரண்டு பேரில் வருவாள்.

"அப்ப போக வேண்டியதுதான?" என்றார் வெர்ன்.

"அங்க மாட்டப் பத்திப் படிக்க முடியாதுப்பா. வரலாறு இருக்கு, பியானோ இருக்கு."

"ஓட்டம் இருக்குல்ல?"

"இருக்கு." ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "நாலு வருஷம் ஓடலாம். அப்புறம் நாப்பது வருஷம் நம்ம தொழுவம். நான் பல்கலைக்கழகத்துக்கே போறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "பத்தொம்பதரைன்னாங்க. நீ பத்தொம்பது இருபத்திநாலு."

"அதனால?"

"அதனால என்னவா? உனக்கு வரலாறு பிடிக்கும்ல. மண்டையில என்னடீ வச்சிருக்க?"

நான் அப்படி யோசித்ததே இல்லை. கல்லூரியில் ஓடுவது என்றால் கோரா ஓடுவது என்றே இருந்துவிட்டேன். அவள்தான் அந்தப் பயிற்சியாளரின் எண்ணைத் தந்தாள். நான் கூப்பிட்டபோது அவர் என் நேரத்தைக் கேட்டார், பாதை எது என்று கேட்டார், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று கேட்டார். "வாம்மா, இடம் இருக்கு" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

செப்டம்பரில் என் முதல் கல்லூரிப் பந்தயம். ஆறு கிலோமீட்டர். பள்ளியில் ஓடியதைவிட ஒன்று கூடுதல். அந்தக் கடைசி கிலோமீட்டரைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கை சொல்லவில்லை. நூற்று முப்பது பேரில் எழுபத்தொன்றாவதாக வந்தேன், எங்கள் அணியில் ஆறாவது. கடைசி மேட்டில் யாரோ கத்துவது கேட்டது: "கையத் தொங்க விடுடீ! தோள எறக்கு!" கோரா. பல்கலைக்கழகத் தொழுவத்தில் காலை வேலை முடித்த ரப்பர் பூட்ஸோடு அப்படியே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

ஓட்டம் முடிந்து புல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம். பல்கலைக்கழகத்தில் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஓட்டக் கூட்டம் ஒன்றில் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன் என்றாள். டெவ்லினின் பெண்கள் ஏரிக்கரையில் எதிரே வருவார்களாம். இவள் ஒதுங்கி வழிவிடுவாளாம்.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"மொத மாசம் இருந்துச்சு. இப்ப அவளுங்க கால எப்படி வைக்கிறாளுங்கன்னு பாக்கறேன்." எழுபதாவதாக வந்த பெண் எங்களைக் கடந்து போனாள். உயரமானவள், கட்டை விரலில் பிளாஸ்திரி. கோரா அவளைக் கண்ணாலேயே அளந்தாள்.

"இவள நான் மேட்டுலயே பிடிச்சிருப்பேன்."

"பிடிச்சிருப்ப" என்றேன். உண்மையாகவே பிடித்திருப்பாள்.

அவள் இன்னொரு வாழைப்பழத்தை உரித்தாள்.